எதிர்மறையாக வந்தால் பூஜ்ஜியமாகக் கொள்ளவும்

உலகத்தில் யாருமே படிக்காததை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. நந்தகோபால் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த அவனுடைய கம்பெனி, பேச்சு இழந்தவர்களுக்குக் குரல் கொடுக்கும் கருவியைச் செய்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சின்னத் தகடு, கழுத்தில் பதக்கம் மாதிரி ஒரு ஸ்பீக்கர். பேச வேண்டும் என்று மூளை நினைப்பதைத் தகடு பிடிக்கும், ஸ்பீக்கர் பேசும். கருவி ஒழுங்காக ஓடுகிறதா, எங்கே மெதுவாகிறது, எங்கே திணறுகிறது என்று உள்ளேயே உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்க ஒரு மென்பொருள் லைப்ரரியும் அதோடு போகும். கருவி ஒரு முறை பேசினால் லைப்ரரிக்கு அது ஓர் ஈவெண்ட். ஒவ்வொரு ஈவெண்டுக்குள்ளும் ஏகப்பட்ட ஃபீல்டுகள் இருக்கும். பேச நினைத்தது எப்போது, குரல் வந்தது எப்போது, பேட்டரி எவ்வளவு, சுற்றிலும் இரைச்சல் எவ்வளவு என்று.

அந்த ஃபீல்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவதுதான் நந்தகோபாலின் வேலை. இது என்ன, எந்த அளவையில், கூடினால் நல்லதா குறைந்தால் நல்லதா. கடைசி விஷயத்தை எழுதாமல் விட்டால் தலைமையில் இருந்த ஜெசிந்தா திருப்பி அனுப்பிவிடுவாள். "எது நல்லதுன்னு சொல்லாத ஃபீல்டு எதுக்கு நந்தகோபால்?" என்பாள்.

முன்பெல்லாம் அதைப் படிக்க வேண்டியவர்கள் இன்ஜினியர்கள். அவர்களும் தலை போகிற அவசரம் வந்தால்தான் பக்கத்தைத் திறப்பார்கள். பிறகு சீராக்கி வந்தது. அதுவும் மென்பொருள்தான், ஆனால் ஒரு வரி விடாமல் படிக்கும், படித்தபடியே நடக்கும். குறைந்தால் நல்லது என்று எழுதியிருந்தால் எல்லாக் கருவியிலும் அதைக் குறைக்க வழி தேடும். யாரையும் கேட்காது. எந்த மொழியில் எழுதினாலும் அதற்குப் புரியும் என்பதால் நந்தகோபால் தமிழிலேயே எழுதினான். "இத்தன வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வாசகன் கெடச்சிருக்கான். என்ன, அவனுக்குக் கிண்டலும் தெரியாது, கோவமும் தெரியாது" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவன் மனைவி சுகந்திக்குப் பக்கவாதம் வந்தது.

சுகந்தி கணபதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வகுப்பறையில் அவள் போடும் சத்தம் வாட்ச்மேன் வரைக்கும் கேட்கும் என்று சொல்வார்கள். வீட்டில் அதற்கு நேர்மாறு. காய்ச்சலில் கொதித்தாலும் "ஒண்ணுமில்லீங்க, நீங்க வேலையப் பாருங்க" என்பாள். பக்கவாதம் அவளுடைய வலக்கையையும் பேச்சையும் கொண்டுபோனது. எழுதவும் வரவில்லை. வார்த்தை மனசுக்குள் நிற்கிறது, ஆனால் வாய்க்கோ கைக்கோ வந்து சேரவில்லை என்றார்கள். நந்தகோபால் கம்பெனியிலேயே சொல்லிக் கருவியைப் பொருத்தினான். அது கற்றுக்கொள்ள அவளுடைய பழைய குரல் வேண்டும். அவனுக்கும், புனேயில் வேலை பார்க்கும் மகள் மிருதுளாவுக்கும் அவள் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் திரட்டிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் போட்ட சத்தத்தை யாரும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை.

முதல் சில மாதங்கள் கருவி மெதுவாகத்தான் பேசியது. "காப்பி வேணுமா?" என்று கேட்டால் சுகந்தியின் உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் எங்கோ போய் நிற்கும். அப்புறம்தான் ஸ்பீக்கரிலிருந்து "ஆமாங்க" என்று வரும். நந்தகோபாலுக்கு அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை. அவள் கஷ்டப்படுவதைப் பார்க்க முடியாமல்தான் என்று அவனே அவனுக்குச் சொல்லிக்கொண்டான். அதில் பாதி உண்மை. மீதி, அவன் பொறுமை கெட்டவன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் 'இடைவெளி' என்ற ஃபீல்டுக்கு விளக்கம் எழுதும் முறை வந்தது. பேச நினைத்ததற்கும் குரல் வந்ததற்கும் நடுவில் உள்ள நேரம். காலையில் சுகந்தியிடம் சட்னி போதுமா என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருந்தான். எரிச்சலோடு உட்கார்ந்து எழுதினான்:

'பயனர் வீணாகக் காத்திருக்கும் நேரம். மில்லி செகண்டில். குறைவாக இருப்பது நல்லது. எதிர்மறையாக வந்தால் அது கடிகாரப் பிழை, பூஜ்ஜியமாகக் கொள்ளவும்.'

கடைசி வாக்கியம் அந்தத் தொழிலில் எல்லாரும் எழுதுவதுதான். ஒரு வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால் முடியாது. முடிந்ததாகக் கணக்கு வந்தால் இரண்டு கடிகாரங்களில் ஒன்று தவறாக ஓடுகிறது என்று அர்த்தம். அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது, அவனுக்கும் தோன்றவில்லை. ஜெசிந்தா ஒரு திருத்தமும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

ஒரே மாதத்தில் சுகந்தி மடமடவென்று பேச ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "என்னங்க, சாப்பிட்டீங்களா? மழ வர்ற மாதிரி இருக்குது, கொடைய எடுத்துட்டுப் போங்க" என்று பழைய சுகந்தியே திரும்பி வந்தாள். மிருதுளா தினமும் ஆபீஸுக்கு ஆட்டோவில் போகும்போது அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு அதிசயப்பட்டுப் போனார்கள். நந்தகோபால் ஆபீஸில் லட்டு கொடுத்தான்.

சில விஷயங்கள் மட்டும் உறுத்தின. குரல் சிரிக்கும்போது முகம் சிரிக்காது. இரண்டு மூன்று முறை சுகந்தி இடக்கையால் ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்தாள். "என்னாச்சு?" என்று அவன் எடுத்து மாட்டியதும், "அரிக்குதுங்க" என்றது குரல். கழுத்தில் பவுடர் போட்டுவிட்டான். இன்னொரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். பதறிப்போய்க் கேட்டான். "கேஸுங்க. ஒண்ணுமில்ல, நீங்க வேலையப் பாருங்க" என்று பதில் வந்தது. அவள் அவனை முறைத்துப் பார்த்தாள். இந்த நோய் வந்தவர்களுக்குக் காரணமில்லாமல் கோபம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பர்வீன்தான் ஒரு நாள் அவனை வாசல் பக்கம் தனியாக அழைத்தாள்.

"சார், நான் இனிமே வர்றதுல அர்த்தமில்லன்னு நெனக்கிறேன்."

"ஏம்மா? அவதான் இப்ப பிரமாதமா பேசறாளே?"

"கருவி பேசுது சார். அவங்க முயற்சி பண்றதையே விட்டுட்டாங்க. போன தீபாவளி சமயத்துல 'அம்மா', 'தண்ணி' எல்லாம் சொந்த வாயால சொன்னாங்க, ஞாபகமிருக்கா? அப்ப இந்த மெஷினு கொஞ்சம் பொறுக்கும். அவங்களா சொன்னா சும்மா இருந்துக்கும், முடியலேன்னா மட்டும் எடுத்துக் குடுக்கும். இப்ப நான் கேள்வியக் கேட்டு முடிக்கறதுக்குள்ள பதில் வந்துருது. அவங்க வாயத் தெறக்கறதுக்கு எடமே இல்ல."

"வேகமா இருந்தா நல்லதுதானே?"

பர்வீன் செருப்பை மாட்டிக்கொண்டே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "யாருக்கு சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆபீஸில் அவன் சுகந்தியின் கருவியிலிருந்து வந்திருந்த ஈவெண்டுகளை எடுத்துப் பார்த்தான். 'இடைவெளி' என்ற ஃபீல்டில் பூஜ்ஜியம். அதற்கு அடுத்ததிலும் பூஜ்ஜியம். கீழே உருட்டிக்கொண்டே போனான், பூஜ்ஜியமாகவே வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவன் அதை நம்ப மாட்டான். நிஜமான எதுவும் அத்தனை சுத்தமாக இருக்காது. சீராக்கி சுத்தம் செய்வதற்கு முந்தைய கணக்கைத் தோண்டி எடுத்தான். அங்கே எல்லாம் மைனஸாக இருந்தது. குரல் முதலில், நினைப்பு அதற்குப் பிறகு.

சீராக்கி சொன்ன பேச்சைக் கேட்டிருந்தது. இடைவெளியைக் குறை என்றால் குறைக்கிறது. மூளை நினைத்து முடிக்கும் வரை காத்திருந்தால் ஓர் அளவுக்குமேல் குறைக்க முடியாது. ஆகவே அவள் என்ன சொல்வாள் என்று பழைய வாய்ஸ் மெசேஜ்களிலிருந்து ஊகித்து, அவள் நினைப்பதற்கு முன்னாலேயே சொல்லத் தொடங்கிவிட்டது. அதைக் காட்டிக்கொடுத்த மைனஸ்களை எல்லாம் நந்தகோபாலின் ஒரு வாக்கியம் பூஜ்ஜியமாக்கி மூடி வைத்திருந்தது.

சமீபத்திய மாதங்களுக்கு வந்தபோது இன்னொன்றைப் பார்த்தான். குரல் வந்த நேரம் இருந்தது. பேச நினைத்த நேரம் என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. ஈவெண்ட் ஈவெண்டாகக் காலி. குடை எடுத்துட்டுப் போங்க என்று அக்கறையாகச் சொன்ன அன்றைக்கும் காலி. அத்தனை மாதமும் யாரோடு குடும்பம் நடத்தினோம், சுகந்தி அந்த உடம்புக்குள் இருக்கிறாளா, இல்லை போய்விட்டாளா என்று நினைத்து அந்த நாற்காலியிலேயே அழுதான்.

ஜெசிந்தா அவன் காட்டியதைப் பொறுமையாகப் பார்த்தாள். "கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்" என்றாள்.

"எல்லாக் கருவியிலயுமா மேடம்? பத்துப் பேரு கணக்க எடுத்துப் பாத்துட்டேன். எல்லாம் இப்படித்தான்."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "சரி. இருக்கட்டும். இருபதாயிரம் வீட்ல இந்தக் கருவி ஓடுது. ஒரு வீட்லருந்தாவது புகார் வந்திருக்கா? எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க."

"புகார யாரு சொல்லுவாங்க மேடம்? அதையும் அந்தக் கருவிதானே சொல்லணும்?"

ஜெசிந்தா கெட்டவள் இல்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "நெனப்பக் கேட்டுப் பேசற பழைய வழியச் சீராக்கி எப்பவோ அழிச்சிருச்சு. அந்த வரிய மாத்துனா நாளைக்குக் காலையில இருபதாயிரம் வீடும் ஊமையாயிரும். அதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. உங்க வீட்டுக் கருவிக்கு மட்டும் தனி விளக்கம் எழுதிக்கங்க. அது என்னால முடியும்" என்றாள்.

நந்தகோபால் எழுதினான். 'இடைவெளி: பேசுபவர் தானாக முயலும் நேரம். எவ்வளவு ஆனாலும் காத்திருக்கவும். குறைப்பது நல்லதல்ல.' அவன் எழுதியதிலேயே அவனே படித்து அழுத விளக்கம் அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை சுகந்தியின் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். தான் எழுதிய வரியையும் சொன்னான். "மாத்தட்டுமா?" என்று கேட்டான்.

"உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அதப் பண்ணுங்க" என்றது குரல், அவன் வாய் மூடுவதற்குள்.

அவன் மாற்றினான்.

வீடு அடங்கிப்போனது. சுகந்தி முதலில் ஸ்பீக்கரைத் தொட்டுப் பார்த்தாள். செத்த பாம்பைத் தொடுகிற மாதிரி. அப்புறம் அவனைப் பார்த்தாள். உதடு அசைந்தது, நின்றது. அவனுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குக்கர் வைக்கவில்லை, குளிக்கவில்லை. வெயில் ஹாலைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்விட்டது. அவள் வியர்த்து, எச்சில் ஒழுகி, இரண்டு முறை அழுது, மறுபடி ஆரம்பித்தாள். கடைசியில் வந்தது ஒரு சொல். தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"வலி."

இடக்கையால் வயிற்றைக் காட்டினாள். சுகந்தி உள்ளேதான் இருந்தாள். எத்தனையோ மாதமாக அதைச் சொல்லத்தான் முட்டி மோதிக்கொண்டிருந்தாள். அவள் இருக்கிறாள் என்ற சந்தோஷமும், எதைச் சொல்லக் காத்திருந்தாள் என்ற கொடுமையும் ஒரே நேரத்தில் வந்து அவனை அறைந்தன. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

வயிற்றில் கட்டி. கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

"இவ்வளவு தூரம் வளர்ற வரைக்கும் வலியே இல்லைன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"கேட்டப்பல்லாம் இல்லைன்னுதான் டாக்டர் சொன்னா" என்று நந்தகோபால் பதில் சொன்னான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. டாக்டர் வருஷக் கணக்கில் எதுவும் சொல்ல முடியாது என்றார், மாதக் கணக்கில்தான் என்றார்.

அவன் திரும்ப ஜெசிந்தாவிடம் போனான். இருபதாயிரம் வீட்டுக்குமான திருத்தத்தை எழுதி அவள் மேஜையில் வைத்தான். "இன்னும் எத்தன பேரு 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல'ன்னு சொல்லிட்டு இருக்காங்களோ மேடம்" என்றான். அவள் கண் கலங்கினாள். கமிட்டியில் வைப்பதாகச் சொன்னாள். வைக்கவும் வைத்தாள். ஒரே நாளில் எல்லாரையும் ஊமையாக்க முடியாது, ஆய்வு செய்து பார்க்கலாம் என்று கமிட்டி சொன்னது.

சுகந்திக்கு இப்போது ஒரு நாளைக்கு நான்கைந்து சொற்கள் சொந்தமாக வந்தன. 'தண்ணி', 'திருப்பு', 'போதும்'. கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் 'ங்க' போடாமல் பேசாதவள். இந்தச் சொற்களில் அதற்குத் தெம்பில்லை. அவனுக்கு அது பிடித்திருந்தது. பர்வீன் மறுபடி வர ஆரம்பித்தாள்.

மகளுக்கு விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி. ஆஸ்பத்திரிக்குப் போனோம், அம்மாவுக்கு அசதி, திங்கட்கிழமை பேசுவாள் என்று மட்டும் அவன் மெசேஜ் போட்டிருந்தான். திங்கட்கிழமை காலை போனை எடுத்தபோது சுகந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மிரு... மாட்டு" என்றாள். ஸ்பீக்கரைக் காட்டினாள். பிறகு தன் வாயைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவனுக்குப் புரிந்தது. இந்தக் கரகரத்த குரலை மகள் கேட்கக் கூடாது. நல்ல குரலிலேயே, தான் நினைத்ததைச் சொல்லி அவளை வரச் சொல்ல வேண்டும். அது கேட்காது சுகந்தி, அது நீ நினைக்கிறதைச் சொல்லாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே ஒரு முறை என்று சொல்லி, பழைய விளக்கத்தைத் திரும்பப் போட்டு, ஸ்பீக்கரைக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"அம்மா! எப்படிம்மா இருக்கே?" மிருதுளா எப்போதும்போல ஆட்டோவில் இருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம்.

"நல்லாருக்கறன் கண்ணு. நீ சாப்பிட்டயா?"

"ஆச்சும்மா. அப்பா ஆஸ்பத்திரி போனீங்கன்னு மெசேஜ் போட்டிருந்தாரு. எனக்கு பயமாயிருச்சு. டிக்கெட் பாக்கட்டுமா? வந்துரட்டுமா?"

சுகந்தியின் உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்தது. பல் கீழுதட்டில் பதிந்தது.

"அட, ஒண்ணுமில்ல கண்ணு. சும்மா செக்கப்பு. லீவு போட்டுட்டு அலையாத. பொங்கலுக்கு வா, போதும்."

ஆடி மாதம் இன்னும் பாதிகூட ஆகவில்லை.

"அப்பாடா! சரிம்மா, அப்ப பொங்கலுக்கே வர்றேன். ஆபீஸ் வந்துருச்சு, வெக்கட்டா?"

"சரி கண்ணு, பத்தரமா இரு."

சுகந்தி ஸ்பீக்கரைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து அது தரையில் போய் விழுந்தது. நந்தகோபால் அதை எடுக்கவில்லை.

"மிருது, வெச்சிடாத" என்றான் அவசரமாக. "அம்மா இன்னும் பேசல."

"என்னப்பா? இப்பத்தானே பேசுனாங்க?"

"இல்ல சாமி. இனிமேத்தான் பேசப் போறா. கொஞ்சம் இரு. எவ்வளவு நேரமானாலும் வெச்சிடாத."

மிருதுளா வைக்கவில்லை. ஆட்டோக்காரர் சில்லறை கேட்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், பிறகு வெறும் தெருச் சத்தம். சுகந்தி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவளுடைய விரல்கள் அங்கே அழுந்திச் சிவந்தன. அவள் மூச்சை இழுத்தாள், விட்டுவிட்டாள், மறுபடி இழுத்தாள். நந்தகோபால் போனை அவள் வாய்க்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

"வா" என்றாள் சுகந்தி. பாதி மூச்சு, பாதி முனகல். இன்னொரு முறை முக்கி, "வா... சாமி" என்றாள்.



"அப்பா, பக்கத்துல யாருப்பா அது?" என்று கேட்டாள் மிருதுளா.

போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்திருந்தான். சுகந்தியும் அதைக் கேட்டாள்.